ஓடையில் என்ன மீன்? பார்த்ததும் பெயர் சொல்லலாம்!

மழை பெய்து ஓடையில் தண்ணீர் வந்துவிட்டால் சிறுவர்களுக்குக் கொண்டாட்டம். துண்டை ஆளுக்கு ஒரு முனையாகப் பிடித்துக்கொள்வார்கள். தண்ணீரில் அமுக்கி, சட்டென்று தூக்குவார்கள். பத்துப் பதினைந்து குட்டி மீன்கள் துண்டில் துள்ளும்.

"என்ன மீன்?" என்று கேளுங்கள். "பொடி மீன்" என்று பதில் வரும்.

பொடி மீன் என்று ஒரு மீன் கிடையாது. அந்தத் துண்டில் நாலைந்து வகை மீன்கள் இருக்கும். ஒன்று மணலில் புதைந்து வாழ்வது. ஒன்று கல்லில் ஒட்டிக்கொள்வது. ஒன்று கொசுப் புழுவைத் தின்பது. ஒன்று கையைக் கொட்டிவிடுவது. ஒன்று வெளிநாட்டில் இருந்து வந்தது.

இவற்றைப் பிரித்து அறியப் பெரிய படிப்பு வேண்டாம். கண் வேண்டும். கொஞ்சம் பொறுமை வேண்டும். அவ்வளவுதான்.

மலையில் பிறந்த தண்ணீர்

ஒட்டன்சத்திரம் என்றதும் காய்கறி மார்க்கெட் நினைவுக்கு வரும். திண்டுக்கல்லில் இருந்து பழனிக்குப் போகும் வழியில் இருக்கிறது இந்த ஊர். இங்கிருந்து கேரளாவுக்கு லாரி லாரியாகக் காய்கறி போகிறது.

ஊருக்குத் தெற்கே பழனி மலைத் தொடர். அங்கே பிறக்கிறது நங்காஞ்சி ஆறு. பரப்பலாறு அணை இந்த ஆற்றில்தான் இருக்கிறது. விருப்பாச்சி அருகே தலையூத்து அருவியாக விழுவதும் இதே ஆறுதான். பிறகு சமவெளியில் ஓடி, இடையகோட்டைப் பக்கம் போய், அமராவதி ஆற்றில் சேருகிறது. அமராவதி, கரூர் அருகே காவிரியில் கலக்கிறது.

ஆகவே, இந்தப் பக்கத்து ஓடை மீன்களும் காவிரி மீன்களும் சொந்தக்காரர்கள்.

ஓடையில் ஆண்டு முழுவதும் தண்ணீர் ஓடுவது இல்லை. கோடையில் வறண்டுவிடும். அப்போது மீன்கள் என்ன ஆகும்?

ஆழமான மடுக்களில் போய் ஒதுங்கிக்கொள்ளும். சில மீன்கள் ஈரச் சேற்றில் புதைந்து உயிர் பிழைக்கும். ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டி, புதுத் தண்ணீர் வந்ததும், அந்தத் தண்ணீரை எதிர்த்து மேலே ஏறும். இதைத்தான் "ஏத்து மீன்" என்கிறார்கள். முட்டை இடுவதற்காக ஏறும் மீன்கள் இவை.

குஞ்சா, பெரிய மீனா?

"சின்ன மீன் என்றால், பெரிய மீனின் குஞ்சு" என்று பலர் நினைக்கிறார்கள். "வளர்ந்தால் ஒரு கிலோ வரும்" என்றும் சொல்லுகிறார்கள்.

இது எப்போதும் சரியாக இருக்காது. ஓடை மீன்களில் பல, சுண்டு விரல் அளவுக்கு மேல் வளராதவை. வயசு ஆனாலும் அதே அளவுதான்.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. குழம்புக்குச் சுத்தம் செய்யும்போது பாருங்கள். இரண்டு அங்குல மீனின் வயிற்றில் சினை இருந்தால், அது குஞ்சு இல்லை. அது ஒரு தாய் மீன்!

ஐந்து கேள்விகள்

மீனைப் பார்த்ததும் ஐந்து கேள்விகள் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ஒன்று: மீசை இருக்கிறதா? இருந்தால், நீளமா, குட்டையா?

இரண்டு: உடம்பில் செதில் இருக்கிறதா? அல்லது வழவழ என்று இருக்கிறதா?

மூன்று: வாய் எங்கே இருக்கிறது? மேல் பக்கமா, நேர் முன்னாலா, அடியிலா?

நான்கு: முதுகுத் துடுப்பு எப்படி? குட்டையா, நீளமா? முள் உண்டா?

ஐந்து: புள்ளி அல்லது கோடு உண்டா? உடம்பில் எந்த இடத்தில்?

நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. கலங்கல் தண்ணீரில் மீன் வெளுத்துத் தெரியும். தெளிந்த தண்ணீரில் கறுத்துத் தெரியும். முட்டை இடும் பருவத்தில் ஆண் மீன் தனி நிறம் காட்டும். செத்த மீனிலோ நிறம் மங்கிப்போகும்.

மூன்றாவது கேள்வி முக்கியமானது. வாயைப் பார்த்தால், மீன் எங்கே சாப்பிடுகிறது என்று தெரிந்துவிடும்.

வாய் மேல் நோக்கி இருந்தால், தண்ணீரின் மேல் பரப்பில் இரை தேடும் மீன். நேராக இருந்தால், நடுத் தண்ணீரில் நீந்தும் மீன். அடியில் இருந்தால், தரையையும் கல்லையும் சுரண்டித் தின்னும் மீன்.

கண்ணாடி பாட்டில் போதும்

மீனைக் கையில் பிடித்துப் பார்க்க வேண்டாம். கைச் சூட்டில் மீன் துடிக்கும். அதன் உடம்பில் உள்ள வழவழப்பு போய்விடும். அந்த வழவழப்புதான் மீனுக்கு நோய் வராமல் காப்பது.

அகலமான வாய் உள்ள கண்ணாடி பாட்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஓடைத் தண்ணீரை நிரப்புங்கள். மீனை அதில் விட்டு, பக்கவாட்டில் பாருங்கள். புள்ளி, கோடு, துடுப்பு எல்லாம் தெளிவாகத் தெரியும். அளவு தெரிய, பாட்டிலை ஒட்டி ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, செல்போனில் படம் எடுத்துக்கொள்ளலாம். பார்த்து முடித்ததும், எடுத்த இடத்திலேயே மீனை விட்டுவிட வேண்டும்.

இனி, மீன்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

மணலில் மறையும் அயிரை

மதுரை, திண்டுக்கல் பக்கம் அயிரைக் குழம்பு என்றால் நாவில் நீர் ஊறும். கிலோ ஆயிரம் ரூபாய்க்கு மேல் விற்பதும் உண்டு. உயிரோடு பாலில் போட்டு, அது தின்ற மண்ணைக் கக்க வைத்த பிறகு சமைக்கிறார்கள்.

அயிரையின் நீளம் ஒரு விரல். பென்சில் போல உருண்ட உடம்பு. மணல் நிறம். அதன் மேல் கறுப்புத் திட்டுகள். வாயைச் சுற்றிக் குட்டையான மீசைகள். செதில் இருக்கிறது. ஆனால் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது.

இன்னொரு அடையாளமும் உண்டு. கண்ணுக்குக் கீழே ஒரு சின்ன முள் மடங்கி இருக்கும். எதிரி பிடித்தால் அதை நிமிர்த்திக்கொள்ளும்.

ஆபத்து என்றால் அயிரை ஓடாது. மணலுக்குள் புதைந்துவிடும். தலையும் கண்ணும் மட்டும் வெளியே தெரியும். ஆகவே, அயிரை வாழ மணல் வேண்டும். ஓடையில் மணலை வாரி எடுத்துவிட்டால், அயிரைக்கு வீடு இல்லை.

இந்த மீனுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரில் "தெர்மாலிஸ்" என்ற சொல் வருகிறது. "வெந்நீர்" என்பதைக் குறிக்கும் சொல் அது. ஏன் தெரியுமா? இலங்கையில் திருகோணமலை அருகே கன்னியா என்ற இடத்தில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த மீனை வைத்து, 1846-ம் ஆண்டில் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி வலென்சியன் இந்தப் பெயரைச் சூட்டினார்!

புள்ளி வைத்த கெண்டை

ஓடையில் அதிகம் கிடைப்பது கெண்டை. வெள்ளி போலப் பளபளக்கும் பெரிய செதில்கள். குட்டையான ஒரே முதுகுத் துடுப்பு. பக்கவாட்டில் தட்டையான உடம்பு. வாயில் பல் கிடையாது. தொண்டைக்குள் பல் இருக்கிறது!

பாண்டியர் கொடியில் இருந்தது மீன். அழகிய கண்ணைக் "கயல் விழி" என்கிறோம். கயல் என்பது கெண்டையைத்தான் என்று சொல்வார்கள்.

கெண்டையில் பல வகை உண்டு. பிரித்து அறிய, புள்ளி எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

செவுளுக்குச் சற்றுப் பின்னால் ஒரு புள்ளி, வாலுக்குச் சற்று முன்னால் ஒரு புள்ளி இருந்தால், அது ஒரு வகை.

முதுகுத் துடுப்பின் அடியில் ஒரு புள்ளி, வால் தொடங்கும் இடத்தில் ஒரு புள்ளி இருந்தால், அது வேறு வகை.

மூக்கு சற்று நீண்டு, முதுகுத் துடுப்பின் பின்பகுதியில் கரும் புள்ளி இருந்தால், அது இன்னொரு வகை. இதை 1849-ல் உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஜெர்டன். சென்னை ராணுவத்தில் டாக்டராக இருந்த வெள்ளைக்காரர் இவர்.

வாலுக்கு முன்னால் ஒரே ஒரு புள்ளி உள்ள கெண்டையும் உண்டு. முட்டை இடும் பருவத்தில் அதன் ஆண் மீன் ரோஜா நிறமாக மாறிவிடும். அந்த அழகுக்காகவே வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். நம் ஊரில் "பொடி மீன்" என்று சொல்லும் மீனுக்கு அங்கே இவ்வளவு மரியாதை!

ஒற்றைக் கோடு

ஒல்லியான மீன். மீசை இல்லை. முகத்தில் தொடங்கி வால் வரை, மை தொட்டு இழுத்தது போல ஒரு கறுப்புக் கோடு. கூட்டமாக நடுத் தண்ணீரில் பாயும். நிழல் பட்டதும் அம்பு போலப் பறந்துவிடும்.

இந்தியா முழுவதும் உள்ள இந்தக் கோட்டு மீன் எல்லாம் ஒன்றுதான் என்று நெடுநாள் நினைத்திருந்தார்கள். 2010-ல் இலங்கை ஆராய்ச்சியாளர்கள் கோட்டின் அகலத்தையும் உடம்பின் அளவையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ளது தனி மீன் என்று சொன்னார்கள். அதன் பெயர் "ராஸ்போரா டாண்டியா". சிங்களத்தில் இந்த மீனைத் "தண்டியா" என்று அழைக்கிறார்கள். ஊர்ப் பெயரே விஞ்ஞானப் பெயர் ஆகிவிட்டது.

கல்லை விடாத கல்லொட்டி

மலை அடிவாரத்தில், தண்ணீர் வேகமாகப் பாயும் இடத்தில், பாறை மேல் ஒரு மீன் அசையாமல் நிற்கும். தண்ணீர் அடித்தாலும் நகராது.

அதைத் திருப்பிப் பார்த்தால் ரகசியம் தெரியும். வாய் அடியில் இருக்கும். வாய்க்குப் பின்னால், தாடையின் கீழ், வட்டமான ஒரு தட்டு இருக்கும். அதைக் கல்லில் அழுத்தி ஒட்டிக்கொள்கிறது. அதனால்தான் கல்லொட்டி. கல்லில் படர்ந்த பாசியைச் சுரண்டித் தின்பது இதன் வேலை.

இந்தக் குடும்பத்து மீன்களை ஆராய்ந்து, 1921-ல் கட்டுரை எழுதினார் சுந்தர் லால் ஹோரா. இவர் இந்திய விஞ்ஞானி. இந்திய விலங்கியல் ஆய்வகத்தின் தலைவராக இருந்தவர். வெள்ளத்தில் அடித்துப் போகாமல் மலை ஓடை மீன்கள் எப்படி வாழ்கின்றன என்பதை விளக்கியவர்.

பெரிய நகரங்களில், தொட்டியில் காலை விட்டால் மீன்கள் வந்து தோலைச் சுரண்டுகிறதே, அது துருக்கிப் பக்கத்து மீன். அதுவும் கல்லொட்டிக்குச் சொந்தம்தான்.

வானத்தைப் பார்க்கும் மீன்

குட்டையிலும், ஓடை ஓரப் புல்லின் அருகிலும் பாருங்கள். தண்ணீரின் மேல் பரப்பை ஒட்டி ஒரு சிறு மீன் மிதக்கும். தட்டையான தலை. மேல் நோக்கிய வாய். தலை உச்சியில், பொட்டு வைத்தது போல ஒரு வெள்ளைப் புள்ளி மின்னும்.

மலையாளத்தில் இதை "மானத்துக்கண்ணி" என்கிறார்கள். வானத்தைப் பார்க்கும் கண் உள்ள மீன் என்று அர்த்தம்.

கொசுப் புழுக்கள் மூச்சு விட மேலே வரும். அங்கே காத்திருந்து பிடித்துத் தின்பது இந்த மீன். இது நமக்குச் செய்யும் உதவி கொஞ்சம் இல்லை.

ஜாக்கிரதை! முள் உண்டு!

நீள மீசை, செதில் இல்லாத வழவழ உடம்பு. இப்படி இருந்தால் கையை வைக்காதீர்கள்!

நாட்டுக் கெளுத்திக்கு நான்கு ஜோடி மீசை. முதுகுத் துடுப்பில் ஒரு முள். பக்கத்துக்கு ஒரு முள். வால் பக்கம், முதுகின் மேல், முள் இல்லாத சதைத் துடுப்பு ஒன்று இருக்கும். கெளுத்தி முள் குத்தினால் வலிக்கும்.

தேளி இன்னும் பொல்லாதது. தேள் போலக் கொட்டுவதால்தான் இந்தப் பெயர். கறுப்பும் சிவப்பும் கலந்த நிறம். தட்டைத் தலை. முதுகுத் துடுப்பு மிகச் சிறியது. தலைக்குப் பின்னால், விரல் நகம் போல ஒட்டி இருக்கும். ஆனால் வயிற்றுப் பக்கத் துடுப்பு வால் வரை நீண்டிருக்கும். பக்கத்து முள்ளில் விஷம் இருக்கிறது.

தேளி கொட்டினால், அந்த இடத்தைப் பொறுக்கும் அளவு சூடான தண்ணீரில் வைக்க வேண்டும். வலி குறையும். சூடு அதிகமானால் தோல் வெந்துவிடும், கவனம் தேவை. பிறகு டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கொட்டினாலும் தேளி நல்ல உணவு. செவுள் தவிர, காற்றை மூச்சு வாங்கும் பை அதற்கு இருக்கிறது. ஆகவே தண்ணீர் வற்றிய சேற்றிலும் அது பிழைக்கும்.

விராலும் குறவையும்

பாம்புத் தலை, நீண்ட உடம்பு, முதுகு நெடுகத் துடுப்பு. இது விரால் குடும்பம். இதிலும் சிறியது உண்டு. அதுதான் குறவை.

"குறவையா, விரால் குட்டியா?" என்று சந்தேகம் வரும். விராலுக்கு மேல் உடம்பு கறுத்திருக்கும். பக்கத்தில் சாய்வான பட்டைகள் இருக்கும். குறவையில் ஒரு வகைக்கு உடம்பில் கறுப்புப் புள்ளிகள் தூவியிருக்கும். மலை அடிவார ஓடையில் கிடைக்கும் மற்றொரு வகைக்கு, துடுப்பின் ஓரம் ஆரஞ்சு நிறமாக இருக்கும். அந்த வகையில் தந்தை மீன் முட்டைகளை வாயில் வைத்துக் காக்கிறது!

விரால் குஞ்சுகள் செந்நிறமாகக் கூட்டம் கூட்டமாக மேலே வரும். அடியில் தாயும் தந்தையும் காவல் இருக்கும். அந்த நேரத்தில் பெரிய மீனைப் பிடித்துவிட்டால், குஞ்சுகளை மற்ற மீன்கள் தின்றுவிடும். ஒரு மீனுக்கு ஆசைப்பட்டு, ஒரு கூட்டத்தையே இழக்கிறோம்.

ஆரலும் உளுவையும்

பாம்பு போல நீண்ட உடம்பு, கூரான மூக்கு, முதுகில் வரிசையாகத் தனித் தனிச் சிறு முட்கள். இது ஆரல். சேற்றில் மறைந்து கிடக்கும். ஆரலைக் கொக்கு பார்த்து நிற்கும் காட்சி குறுந்தொகையில் வருகிறது. அயிரையும் அந்த நூலில் உண்டு. சுமார் இரண்டாயிரம் ஆண்டாக இந்தப் பெயர்கள் மாறவில்லை!

மணல் நிறம், தட்டைத் தலை, பெரிய வாய், முதுகில் இரண்டு துடுப்புகள். இது உளுவை. இதைத் திருப்பிப் பார்த்தால், வயிற்றுத் துடுப்புகள் இரண்டும் சேர்ந்து கிண்ணம் போல இருக்கும். மணலில் அசையாமல் படுத்திருந்து, அருகில் வரும் சின்ன மீனை லபக் என்று விழுங்கும்.

பெயர் எழுதியவர்கள்

நம் மீன்களைப் பற்றி முதலில் விரிவாக எழுதியவர்களில் பலர் வெள்ளைக்கார டாக்டர்கள். அவர்களில் முக்கியமானவர் பிரான்சிஸ் டே. 1829-ல் இங்கிலாந்தில் பிறந்தவர். சென்னை ராணுவத்தில் டாக்டராக வேலை பார்த்தவர். பிறகு மீன் இலாகாவின் தலைமை அதிகாரி ஆனார்.

"இந்தியாவின் மீன்கள்" என்ற பெரிய நூலை அவர் 1875 முதல் 1878 வரை வெளியிட்டார். மீன்களின் படங்கள் அதில் இருக்கின்றன. ஊர் மக்கள் சொன்ன பெயர்களையும் எழுதி வைத்தார். தமிழ்ப் பெயர்களும் அதில் உண்டு. மீனவர்கள் சொல்லாவிட்டால் அந்தப் பெயர்கள் அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் சேர்த்த இந்திய மீன்களில் பெரும் பகுதியை, 1883-ல் ஆஸ்திரேலியா நாட்டின் சிட்னி காட்சி சாலை விலைக்கு வாங்கியது.

இந்த வேலை இன்னும் முடியவில்லை. 2012-ல் இலங்கை ஆராய்ச்சியாளர் ரோகன் பெத்தியகொடவும் மற்றவர்களும், கெண்டைகளைப் புதுப் பிரிவுகளாகப் பிரித்தார்கள். புள்ளிக் கெண்டைகள் சிலவற்றுக்கு "பெத்தியா" என்ற பிரிவுப் பெயர் கிடைத்தது.

வந்தேறிய மீன்கள்

ஓடையில் துள்ளுவது எல்லாம் நம் மீன் இல்லை. இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

ஜிலேபிக் கெண்டையை எல்லோருக்கும் தெரியும். பெயரில் கெண்டை இருக்கிறது. ஆனால் அது கெண்டை இனம் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. 1952-ல் இந்தியாவுக்கு வந்தது. உண்மையான கெண்டைக்கு முதுகுத் துடுப்பு குட்டை. ஜிலேபிக்கு அது நீளம். முன் பாதி முழுவதும் முட்கள். இது ஒன்றே போதும், பிரித்துச் சொல்ல.

ஜிலேபியின் தாய், முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காக்கும். அதனால் வேகமாகப் பெருகும். கெண்டையோ முட்டையைப் பரப்பிவிட்டுப் போய்விடும். இந்தப் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை.

கம்பூசியா என்ற மீன் அமெரிக்காவைச் சேர்ந்தது. கொசுவை ஒழிக்க, 1928-ல் இத்தாலியில் இருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கப்பி மீனும் இப்படி வெளிநாட்டில் இருந்து வந்ததுதான். இவை முட்டை இடுவது இல்லை. குஞ்சாகவே போடும். தலையில் வெள்ளைப் பொட்டு கிடையாது. பொட்டு இருந்தால் நம் மீன். இல்லாவிட்டால் சந்தேகப்பட வேண்டும்.

கம்பூசியா கொசுப் புழுவோடு நிற்பது இல்லை. மற்ற மீன்களின் முட்டையையும் குஞ்சையும் தின்கிறது. உலகத்துக்குப் பெரும் கேடு செய்யும் நூறு வந்தேறிகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் நிபுணர்கள் தயாரித்தது அது. அதில் கம்பூசியாவும் உண்டு. ஜிலேபியும் உண்டு.

வீட்டுத் தொட்டியில் அல்லது மூடிய கிணற்றில் கப்பி இருந்தால், அது அங்கேயே இருக்கட்டும். ஓடையில் கொண்டுபோய் விடக் கூடாது. அங்கே அந்த வேலையைச் செய்ய நம் மீன் இருக்கிறது.

ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்க்க அரசு தடை போட்டிருக்கிறது. அதற்கு முதுகு நெடுகத் துடுப்பு. ஆனால் துடுப்பில் முள் இல்லை. நம் நாட்டிலும் இதே சாயலில் ஒரு மீன் உண்டு. ஆகவே சந்தேகம் வந்தால், மீன்வளத் துறை அலுவலகத்தில் காட்டிக் கேட்பது நல்லது.

பெயர் தெரிந்தால் என்ன லாபம்?

"பெயர் தெரிந்து என்ன செய்யப் போகிறோம்?" என்று கேட்கலாம்.

ஓர் ஓடையில் எட்டு வகை மீன் இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்று வகை அழிந்துபோனது. எல்லாவற்றையும் "பொடி மீன்" என்று சொல்லுகிறவருக்கு, அது தெரியவே தெரியாது. "இன்னும் மீன் இருக்கிறதே!" என்பார். பெயர் தெரிந்தவர்தான், "கல்லொட்டியைக் காணோமே, ஏன்?" என்று கேட்பார்.

அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. கல்லொட்டி போனால், ஓட்டமான நல்ல தண்ணீர் போய்விட்டது. அயிரை போனால், மணல் போய்விட்டது. ஜிலேபியும் தேளியும் மட்டும் மிஞ்சினால், தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதே தண்ணீர்தான் ஆட்டுக்கும் மாட்டுக்கும்.

ஒட்டன்சத்திரம் பக்கம் காய்கறித் தோட்டங்கள் அதிகம். பூச்சி மருந்து அடித்த தெளிப்பானை ஓடையில் கழுவினால், குட்டி மீன்களுக்கு எமன். மருந்து டப்பாவையும் ஓடையில் போடக் கூடாது.

பிளீச்சிங் பவுடர் கலக்குவது, வெடி போடுவது, கரண்டு வைப்பது எல்லாம் இன்னும் கொடுமை. நமக்கு வேண்டியது பத்து மீன். சாவது ஆயிரம் குஞ்சு. ஆற்றிலும் குளத்திலும் வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பது குற்றம் என்று 1897-ம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. கரண்டில் பிடிக்கப் போய் உயிரை விட்டவர்களும் உண்டு.

புதுத் தண்ணீரில் ஏத்து மீன் ஏறும்போது, வழியை முழுக்க அடைத்துக் கூடு வைக்காதீர்கள். பாதி வழியாவது திறந்திருக்கட்டும். ஏறுகிற மீன்தான் அடுத்த ஆண்டுக் குழம்புக்கு விதை.

நினைவில் வைக்க

விரல் நீளம், குட்டை மீசை, மணலில் புதையும்: அயிரை.

பெரிய செதில், குட்டை முதுகுத் துடுப்பு, கரும் புள்ளி: கெண்டை.

முகம் முதல் வால் வரை ஒரே கறுப்புக் கோடு: டாண்டியா.

அடியில் வாய், தாடையில் வட்டத் தட்டு: கல்லொட்டி.

தலையில் வெள்ளைப் பொட்டு: வானம் பார்க்கும் மீன்.

நீள மீசை, முதுகில் முள், சதைத் துடுப்பு: நாட்டுக் கெளுத்தி.

நீள மீசை, மிகச் சிறிய முதுகுத் துடுப்பு: தேளி. தொடாதீர்கள்!

பாம்புத் தலை, புள்ளி அல்லது ஆரஞ்சு ஓரம்: குறவை.

கூர் மூக்கு, முதுகில் முள் வரிசை: ஆரல்.

வயிற்றில் கிண்ணம் போன்ற துடுப்பு: உளுவை.

நீளமான முள் துடுப்பு: ஜிலேபி. வெளிநாட்டு மீன்.

பிள்ளைகள் ஓடைக்குப் போகும்போது பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். வெள்ளம் வரும் நேரத்தில் ஓடைப் பக்கமே போகக் கூடாது.

பழைய நோட்டு ஒன்றை எடுத்து, பார்த்த மீனின் பெயர், இடம், தேதி மூன்றையும் எழுதி வையுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டி இருந்தால், அவர்கள் காலத்தில் அந்த ஓடையில் என்னென்ன மீன் கிடைத்தது என்று கேட்டு, அதையும் அடுத்த பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு பக்கத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் ஊர் ஓடையின் கதை உங்களுக்கே தெரிந்துவிடும்.